நேரம் கொடுத்த மில்

பெங்களூருக்குப் போன இடத்தில்தான் எம்.டி. ஐயாத்துரைக்கு அக்கறை தொற்றியது. போகும்போது நன்றாகத்தான் போனார்.

அங்கே ஒரு பெரிய ஓட்டலில் முதலாளிகளுக்கென்று கருத்தரங்கு நடத்தினார்கள். முடிந்து கிளம்பும்போது ஆளுக்கொரு மரப்பெட்டி கொடுத்தார்கள். திறந்தால் வைக்கோலுக்குள்ளே ஒரு பேனா, பேனாவில் அவர் பெயர். கையால் எழுதினாற்போல அச்சடித்த ஒரு சீட்டும் இருந்தது: 'உங்களை நாங்கள் கவனித்தோம்.' ஐயாத்துரை கண் கலங்கிவிட்டார். அப்பா கட்டிய மில்லை இத்தனை வருசமாக நடத்துகிறார். பஞ்சு விலையை, நூல் விலையை, கரண்டு பில்லை எல்லாம் ஊரே கவனித்தது. அவரை யாரும் கவனித்ததில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தார் என்று டிரைவர் சொன்னார்.

மில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. ஸ்ரீ பொன்முத்து ஸ்பின்னிங் மில் என்று போர்டு. தீபாவளி வந்தால் தொழிலாளிகளுக்கு ஸ்வீட்டும் காரமும் ஒரு பெட்டி, ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குச் சேலை. பெரியவர் காலத்திலிருந்து இதுதான். கொடுக்கிறவர் யோசித்தது கிடையாது, வாங்குகிறவரும் யோசித்தது கிடையாது. அதுதான் தப்பு என்றார் ஐயாத்துரை. யோசிக்காமல் கொடுப்பது பரிசே அல்ல, வெறும் சாமான் என்றார். இந்த வருசத்திலிருந்து யோசித்துக் கொடுக்கவேண்டும்.

யோசிப்பதற்கென்றே மில்லில் ஒருத்தர் சம்பளத்தில் இருந்தார். ஹெச்.ஆர். மேனேஜர் ஹரிஹரசுதன். காரியாபட்டிக்காரர்தான், ஆனால் கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்ததால் எதையும் நேராகச் செய்வதில்லை, குழு போட்டுத்தான் செய்வார். பெண்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்ட அவர் போட்ட குழு இன்னும் கூடிக்கொண்டிருந்தது. எம்.டி. சொன்ன மறுநாளே 'அக்கறைப் பரிசுக் குழு' பிறந்தது. மேனேஜர்மார்கள் எல்லாரும் உறுப்பினர்கள். தொழிலாளர் பக்கமும் ஒருத்தர் இருந்தால்தான் வெளியே சொல்லிக்கொள்ள நன்றாயிருக்கும் என்பதால் 'கிரவுண்டு லெவல் உறுப்பினர்' என்று ஒரு இடம் வைத்து, அதில் டைம் ஆபீஸ் சென்னய்யா பெயரை எழுதினார்கள். தன்னுடைய ஆபீஸ் மாடியில் இல்லாமல் தரையில் இருப்பதால்தான் தன்னைப் போட்டார்கள் என்று சென்னய்யா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

சென்னய்யாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அருப்புக்கோட்டையில் வீடு. வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், மில்லுக்குள் பெரும்பாலும் மௌனம். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. அந்த ஆவணியில்தான் மகள் தேவிபிரியாவைச் சின்னாளபட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார். வருகிறது தலைதீபாவளி. சம்பந்தி முறை பார்க்கிற ஆள். போனில் கூப்பிட்டால் எல்லாம் வரமாட்டோம், பெண்ணைப் பெற்றவர் தாம்பாளத்தோடு நேரில் வந்து அழைக்கவேண்டும், இல்லையென்றால் தலைதீபாவளியை இங்கேயே வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்கிற சம்பந்தி எப்பேர்ப்பட்டவர் என்று சென்னய்யாவின் சம்சாரம் ராமலட்சுமிக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அழைத்துவிட்டு வந்துவிடலாம் என்று புருசனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள்.

குழு ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் என்று உத்தரவு வந்தது. வேலை நாளில் கூடினால் உற்பத்தி கெடுமாம்.

சென்னய்யா அதையும் நல்லதுக்கு என்றே எடுத்துக்கொண்டார். பெரிய ஆட்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால் லீவு கேட்க வசதி. முதல் கூட்டத்திலேயே தொண்டையைச் செருமி, சார், ஒரு லீவு விசயமா என்று ஆரம்பித்தார். ஹரிஹரசுதன் பொறுமையாக அவரைப் பார்த்தார்.

"சென்னய்யா, இந்த அறையில நாம கொடுக்கிறதைப் பத்தித்தான் பேசுறோம். கேக்கிறதைப் பத்தி இல்ல."

மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

முதல் ஞாயிறு வாசனை மெழுகுவர்த்தியில் போனது. பெங்களூரில் பெரிய கம்பெனிகள் எல்லாம் அதைத்தான் கொடுக்கின்றனவாம். ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தால் மன அழுத்தம் போகும். எல்லாரும் தலையாட்டியபிறகு, தீத்தடுப்பு அதிகாரி மட்டும், இது பஞ்சு மில், தீப்பெட்டியோடு உள்ளே வந்தால் சஸ்பெண்டு என்று நாமே போர்டு வைத்திருக்கிறோம், நாமே திரியையும் கொடுக்கலாமா என்று கேட்டார். ஏற்றக்கூடாது என்ற எச்சரிக்கையோடு கொடுக்கலாம் என்று ஹரிஹரசுதன் சொல்லிப் பார்த்தார். எம்.டி.க்கு இன்சூரன்ஸ் ஞாபகம் வந்ததால் அது நின்றது.

அடுத்த ஞாயிறு கள்ளிச் செடி வந்தது. சின்ன வெள்ளைத் தொட்டி, அதில் கட்டைவிரல் தண்டிக்கு ஒரு கள்ளி. தண்ணீர் வேண்டாம், கவனிப்பு வேண்டாம், பசுமை, தாங்கும் சக்தி என்று ஹரிஹரசுதன் திரையில் படம் போட்டுக் காட்டினார். சென்னய்யாவுக்கு இதில் பேச விசயம் இருந்தது. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துச் சனங்கள் வருசம் பூரா முள்ளையும் கள்ளியையும் வெட்டி வெளியே போடத்தான் கூலி கொடுக்கிறார்கள், அதையே தீபாவளிக்குக் கொடுத்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். அது காட்டில் இருக்கிற கள்ளி, இது தொட்டியில் இருக்கிற கள்ளி என்று விளக்கினார் ஹரிஹரசுதன். இருந்தாலும் எம்.டி. தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டதால் கள்ளி விலகியது.

அதற்கடுத்த வாரம் நன்றிக் குறிப்பேடு. தினமும் தூங்கப்போகுமுன் தொழிலாளி நிர்வாகத்துக்கு நன்றி சொல்ல நினைக்கிற மூன்று விசயங்களை அதில் எழுதவேண்டும். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஆர்டர் போடப் போகிற நேரத்தில் ஐயாத்துரை, "வேற ஏதாவது எழுதிட்டான்னா?" என்று கேட்டார். குறிப்பேடும் போயிற்று.

மூன்று ஞாயிறும் வீட்டில் தாம்பாளம் தயாராக இருந்தது. மூன்று ஞாயிறும் ராமலட்சுமி பழத்தைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாம்பாளத்தைக் கழுவி வைத்தாள். சின்னாளபட்டியிலிருந்து தேவிபிரியா போன் பண்ணி, மாமா ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றுமே கேட்கவில்லை என்று இரண்டு தடவை சொன்னாள்.

கடைசியில் ஹரிஹரசுதன் ஒரு புது வழி சொன்னார். தொழிலாளர்களையே கேட்டுவிடலாம். அப்படி ஒரு வழி இருப்பது யாருக்கும் தோன்றவில்லையே என்று எம்.டி. அவரைப் பாராட்டினார். கேள்வியை ஹரிஹரசுதனே எழுதினார்: 'எந்தப் பரிசு கிடைத்தால் நீங்கள் கவனிக்கப்பட்டதாக உணர்வீர்கள்?' அதை மில் முழுக்கச் சுற்றிக் கேட்டு வருகிற வேலை கிரவுண்டு லெவலுக்கு வந்தது.

மிசின் சத்தத்துக்கு நடுவே சென்னய்யா அந்தக் கேள்வியைக் கத்திக் கத்திக் கேட்டார். யாருக்கும் புரியவில்லை. கவனிக்கப்பட்டதாக என்றதும், சி.சி.டி.வி. புதுசாக வைக்கப்போகிறார்களா என்று ரெண்டு பேர் பயந்துபோனார்கள். பிறகு சென்னய்யா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தீபாவளிக்கு என்ன வேணும்னு கேக்குறாக என்று மட்டும் கேட்டார்.

நூல் சுற்றுகிற வைண்டிங்கில் சந்தனம்மாள் என்று ஒருத்தி. நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மில் வேனில் வருகிறவள். அவள் யோசிக்கவே இல்லை.

"முந்தின நாளு மத்தியானத்தோட விடச் சொல்லுங்கண்ணாச்சி. அரை நாளு. வேற ஒண்ணும் வேணாம்."

ஏன் என்று சென்னய்யா கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். ஷிப்டு முடிந்து வேன் ஊர் போய்ச் சேருகிறபோது டவுனில் கடை திறந்திருக்கும், டவுனுக்குப் போகத்தான் பஸ் இருக்காது. போன வருசம் கடைசிப் பிள்ளைக்கு, பிள்ளையைக் கூட்டிப்போகாமலே துணி எடுத்து வந்தாள். தலை வழியாக இறங்கவில்லை. பிள்ளை தீபாவளியன்றைக்குப் பள்ளிக்கூட யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் அளவு பார்த்து எடுக்கவேண்டும்.

அடுத்த மிசினிலும் அரை நாள் என்றார்கள். அதற்கடுத்ததிலும். கார்டிங்கில், ஸ்பின்னிங்கில், பேக்கிங்கில், வாட்ச்மேன் உட்பட எல்லாரும் அரை நாள். சென்னய்யாவும் தன் பெயருக்கு நேரே அரை நாள் என்று எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பெங்களூரிலிருந்து ஒரு ஆலோசகர் அம்மா திரையில் வந்தார். நெட்டு சரியில்லாததால் பாதிப் பேச்சில் வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவார். மறுபடி உயிர் வருகிறவரை எல்லாரும் மரியாதையாகக் காத்திருப்பார்கள். தொழிலாளர் சொன்ன பதில்களை ஹரிஹரசுதன் ஒரு வட்டமாகப் போட்டுக் காட்டினார். வட்டம் முழுக்க ஒரே நிறம். ஆலோசகர் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரல் தழுதழுக்க, இத்தனை வருசத்தில் இப்படி ஒரு முடிவைப் பார்த்ததில்லை என்றார். இந்த மக்கள் பொருள் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை, நேரத்தைக் கேட்கிறார்கள், எவ்வளவு ஆழமான மனசு என்றார்.

ஐயாத்துரைக்கும் மனசு இளகிவிட்டது. "கொடுத்துருவோம்" என்றார்.

சென்னய்யா அந்த நிமிசமே கணக்குப் போட்டார். மத்தியானத்தோடு விட்டால் ஒரு மணி மதுரை பஸ்ஸைப் பிடிக்கலாம், அங்கிருந்து திண்டுக்கல் பஸ். சாயங்காலத்துக்குள் சின்னாளபட்டி. அழைத்த கையோடு மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். அவர் மனசுக்குள் மதுரை பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது ஹரிஹரசுதனின் குரல் கேட்டது.

"நேரம்னா, கடிகாரம்தான சார்?"

திரையில் ஆலோசகர் அம்மா கைதட்டினார், தட்டியபடியே உறைந்தார்.

சென்னய்யா எழுந்து நின்றார். அவுக கேட்டது கடியாரம் இல்லீங்கய்யா, அரை நாளு என்றார். ஐயாத்துரை கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"சென்னய்யா, அரை நாள் கொடுத்தா அது அரை நாள்ல முடிஞ்சு போயிரும். கடிகாரம் கொடுத்தா நேரம் ஆயுசு பூரா அவுக வீட்டுச் சுவத்துல இருக்கும். எது பெருசு?"

சென்னய்யா உட்கார்ந்தார்.

கடிகாரங்கள் லாரியில் வந்து இறங்கின. பெட்டியைத் திறப்பதே ஒரு அனுபவமாக இருக்கவேண்டும் என்று ஆலோசகர் சொல்லியிருந்ததால் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் கடிகாரம். வைக்கோல் பெங்களூரிலிருந்து வந்திருந்தது. கடிகாரத்தின் நடுவில் ஐயாத்துரையின் சிரித்த முகம்; பெரிய முள், சின்ன முள் இரண்டும் அவர் மூக்கிலிருந்து கிளம்பின. எண்கள் இல்லை. எண்கள் மனுசனை அவசரப்படுத்தும் என்பதால், பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் 'அக்கறை', மூன்றில் 'நேர்மை', ஆறில் 'உழைப்பு', ஒன்பதில் 'நன்றி' என்று எழுதியிருந்தது. கீழே அவரவர் பெயர். சென்னய்யாவின் பெயர் 'சென்னை ஐயா' என்று இருந்தது. பேட்டரி இல்லை. அது தொழிலாளரின் பங்களிப்பு என்று ஹரிஹரசுதன் விளக்கினார். எல்லாவற்றையும் நாமே கொடுத்துவிட்டால் அவர்களுக்கு ஒரு ஈடுபாடு வராதாம்.

விழா தீபாவளிக்கு முந்தின நாள் பதினோரு மணிக்கு. மதுரையிலிருந்து ஒரு தொழில் அமைப்பு வருகிறது, அக்கறையுள்ள முதலாளிக்கு அது வருசாவருசம் விருது கொடுக்கிறது, கேமராவும் நிருபரும் கூட வருகிறார்கள் என்று தெரிந்தபிறகு ஒத்திகை ஆரம்பித்தது. டீ நேரத்தில் ஒத்திகை. பரிசை வாங்கும்போது முதலில் ஆச்சரியம், அப்புறம் சிரிப்பு, அப்புறம் நெஞ்சில் கை. சந்தனம்மாள் ஆச்சரியத்துக்கு முன்னாலேயே சிரித்துவிடுகிறாள் என்று அவளை மூன்று தடவை திரும்ப வரச் சொன்னார்கள். டீ ஆறிப்போயிற்று.

சென்னய்யா அந்த நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்தார். விழா நாளில் குழு உறுப்பினருக்கு விடுப்பு இல்லை, மேலும் நன்றியுரை தாங்கள்தான் என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது.

ராமலட்சுமி சத்தம் போடவில்லை. வீட்டுப் பாஷையில் மெதுவாகச் சொன்னாள். அன்றைக்கு மத்தியானம் தாம்பாளச் சாமானோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். ஒரு மணி பஸ் வரும்வரை பார்ப்பேன். நீங்கள் வந்தால் ரெண்டு பேரும் போவோம், வராவிட்டால் நான் மட்டும் போய், எங்கள் வீட்டுக்காரர் மில்லுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டார் என்று சம்பந்தியிடம் சொல்லிக்கொள்கிறேன்.

விழா நாள் வந்தது. கேன்டீன் ஷெட்டில் பந்தல். பகல் ஷிப்டு ஆட்கள் எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருத்தராக மேடையேறி வாங்கி வந்த பெட்டி மடியில். மதுரைக்காரர்கள் மேடையில். கரண்டு போய்விடுமோ என்று பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கில் பேசுவது கீழே கேட்டது, கீழே பேசுவது மேடைக்குக் கேட்கவில்லை. வழக்கமாகவே அப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐயாத்துரை பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

"ஸ்வீட்டு யாரு வேணும்னாலும் கொடுக்கலாம். துணி யாரு வேணும்னாலும் கொடுக்கலாம். பணத்தைக் கூடக் கொடுத்திரலாம், நான் கொடுக்கிறதில்ல, அது உங்களைக் கெடுத்திரும்னு தெரியும். ஆனா நேரத்தை எந்த முதலாளி கொடுப்பான்? நான் கொடுக்கிறேன். உங்க நேரத்தை இவ்வளவு நாளும் நான் வச்சிருந்தேன். இந்த நிமிசத்துல இருந்து உங்க நேரம் உங்களுக்கே."

மதுரைக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். கேமராக்காரன், கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லுங்கள், வெளிச்சம் சரியில்லை என்றான். ஐயாத்துரை இன்னும் உருக்கமாக இன்னொரு தடவை சொன்னார்.

அடுத்து நன்றியுரை. ஹரிஹரசுதன் எழுதிக்கொடுத்த காகிதம் சென்னய்யா கையில் இருந்தது. அதில் பதினைந்து பேருக்கு நன்றி, வைக்கோல் அனுப்பிய கம்பெனி உட்பட. சென்னய்யா மைக் முன்னால் போய் நின்றார். காகிதத்தைப் பார்த்தார். எழுத்துகள் தெரிந்தன, வாசிக்க வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ராமலட்சுமி பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நிற்பதுதான் தெரிந்தது.

"அய்யா நமக்கு நேரம் கொடுத்திட்டாக" என்றார். "எல்லாரும் கேட்டீக. கொடுத்திட்டாக. நன்றிங்கய்யா."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் முன் வரிசையிலிருந்து சந்தனம்மாள் எழுந்து மேடையோரம் வந்துவிட்டாள். முகத்தில் ஆச்சரியம் முதலில் வந்தது. ஒத்திகையில் வராதது அன்றைக்கு வந்தது.

"அண்ணாச்சி, அப்பப் போகலாமா?"

சென்னய்யா திரும்பி எம்.டி.யைப் பார்த்தார். போகலாமாங்கய்யா என்று கேட்டார். ஜெனரேட்டர் சத்தத்தில் ஐயாத்துரைக்கு என்ன கேட்டதோ, கேமரா தன் முகத்துக்கு நேரே வருவதைப் பார்த்தார், சிரித்தார், பெரிதாகத் தலையாட்டினார்.

"அய்யா சரின்னுட்டாக. போங்க" என்றார் சென்னய்யா மைக்கில்.

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று பின்னால் கேட்டார்கள். அவருக்கே தெரியவில்லை.

சனங்கள் எழுந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. ஒவ்வொருத்தராக மேடைக்கு முன்னால் வந்து, எம்.டி.யைப் பார்த்து மனசாரக் கும்பிட்டுவிட்டு வாசலைப் பார்க்க நடந்தார்கள். வயசான பெண்கள் அவர் நல்லாயிருக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒருத்தி அழுதாள். கேமராக்காரன் மேடையைவிட்டு இறங்கி ஓடி ஓடி எடுத்தான். ஐயாத்துரை கும்பிட்ட கையைக் கீழே போடமுடியாமல் நின்றார். மிசினைப் பார்த்துக்கொள்ள உள்ளே விட்டிருந்த நாலைந்து பேருக்கும் தகவல் போய், அவர்களும் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். மில்லின் இரைச்சல் படிப்படியாக இறங்கி, நின்றது. மதுரைக்காரர்களில் மூத்தவர், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனசா என்று ஐயாத்துரையின் தோளைத் தட்டினார். ஹரிஹரசுதன் வாசலுக்கு ஓடினார், ஆனால் நிருபர் நிற்கிறார் என்பதால் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகாட்ட வேண்டியதாகிவிட்டது.

சென்னய்யா மேடையிலிருந்து இறங்கி நேரே ரோட்டுக்கு வந்து, டவுனுக்குப் போகிற ஒரு மினி லாரியை மறித்து ஏறினார். பஸ் ஸ்டாண்டில் ராமலட்சுமி பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தாள்.

சின்னாளபட்டியில் சம்பந்தி நாற்காலியை எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, எல்லா மரியாதையும் செய்தபிறகு, பண்டிகைக்கு முந்தின நாள் மில்லில் எப்படி விட்டார்கள் என்று கேட்டார். நேரம் கொடுத்தாக என்றார் சென்னய்யா. நல்ல மனுசங்க என்றார் சம்பந்தி, இந்தத் தடவை சிரிக்காமல். தேவிபிரியா காலையிலேயே பெட்டி கட்டி வைத்திருந்தாள்.

ராத்திரி அருப்புக்கோட்டையில் நாலு பேரும் பஸ்ஸைவிட்டு இறங்கினபோது, கடைத்தெருக் கூட்டத்தில், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிற சந்தனம்மாள் எதிரே வந்தாள். கையில் கடைசிப் பிள்ளை. புதுச் சட்டையை அங்கேயே போட்டுக்கொண்டுவிட்டது; விலைச் சீட்டு முதுகில் ஆடிக்கொண்டிருந்தது. அவிழ்க்க மாட்டேங்குதுண்ணாச்சி என்றாள் சந்தனம்மாள்.

தீபாவளி நன்றாக நடந்தது.

முடிந்து வேலைக்குப் போன அன்றைக்குச் சென்னய்யாவின் மேசையில் ஒரு மெமோ இருந்தது. நிர்வாகத்தின் பரிசை நிர்வாகத்தின் அனுமதியின்றி விநியோகித்தது ஏன் என்று கேட்டிருந்தது. அவர் அதை இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆபீஸ் பையன் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனான். காலைப் பேப்பரில் ஐயாத்துரையின் படம் வந்திருந்தது. தொழிலாளர் கேட்டதும் மில்லையே நிறுத்தி நேரத்தைப் பரிசளித்த முதலாளி. விடிந்ததிலிருந்து அவருக்குப் போன் ஓயவில்லை. விருது அவருக்குத்தான் என்று மதுரையிலிருந்து சொல்லிவிட்டார்கள். விடவில்லை, அவர்களாகப் போனார்கள் என்று இனிமேல் யாரிடம் சொல்வது?

விட்டதாகவும் இருக்கவேண்டும், அரை நாள் உற்பத்தியும் திரும்ப வரவேண்டும். குழு அவசரமாகக் கூடியது. ஹரிஹரசுதனுக்குக் கல்யாண வீட்டில் வாசலில் கொடுக்கிற பை ஞாபகம் வந்தது. ரிட்டன் கிஃப்ட். மறுநாள் சுற்றறிக்கை ஒட்டினார்கள்: 'நிர்வாகம் அளித்த நேரப் பரிசால் நெகிழ்ந்துபோன தொழிலாளர்கள், தாங்கள் பெற்றதை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நிர்வாகத்துக்கு ரிட்டன் கிஃப்டாகத் திருப்பி அளிக்க விரும்புகிறார்கள். விரும்பாதவர்கள் காரணத்தை எழுத்தில் தரவும்.'

இதையும் சென்னய்யாதான் மிசின் மிசினாகப் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. சந்தனம்மாள் கேட்டுக்கொண்டே அறுந்த நூலை முடிந்தாள்.

"நாங்க என்னைக்கிண்ணாச்சி விரும்புனோம்?"

"நேத்துச் சாயங்காலம் விரும்பிட்டீகளாம்" என்றார் சென்னய்யா.

அவள் நூலை மறுபடி ஓடவிட்டாள். பிறகு, சுற்றறிக்கையை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். சென்னய்யா வாசித்தார். தாங்கள் பெற்றதை என்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"பெத்ததுன்னா, அவுக கையால கொடுத்து நாங்க கையால வாங்குனது. பேரு போட்டு, போட்டா எடுத்துக் கொடுத்தாகளே, அது என்னது?"

"கடியாரம்."

"அதைத்தான கேக்குறாக?"

சென்னய்யா காகிதத்தைப் பார்த்தார். அதில் அப்படித்தான் இருந்தது. ஆமா என்றார்.

"அப்பச் சரி. ஞாயித்துக்கிழமை வாரோம்னு சொல்லிருங்க."

வாரோம்னு சொல்றாக என்று சென்னய்யா மாடியில் போய்ச் சொன்னார். ஒருத்தர் விடாமலா என்று ஹரிஹரசுதன் கேட்டார். ஒருத்தர் விடாமல் என்றார் சென்னய்யா. ஹரிஹரசுதன் நிருபருக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன்கள் வந்தன. எல்லாரும் நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள், சந்தனம்மாளோடு பிள்ளையும் வந்திருந்தது. மிசின் பக்கம் யாரும் திரும்பவில்லை. வரிசையாக மாடியேறி, எம்.டி. அறைக்கு முன்னாலுள்ள ஹாலில், ஆளுக்கொரு கடிகாரத்தைச் சுவரில் சாத்தி வைத்தார்கள். சுவர் நிறைந்ததும் சோபாவில், சோபா நிறைந்ததும் மேசையில், அப்புறம் தரையில். ஒவ்வொருத்தரும் வைத்துவிட்டு, நேரம் கொடுத்ததுக்கு நன்றிங்க, பத்திரமா வச்சிருந்தோம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நிருபர் இது என்ன சடங்கு என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஹரிஹரசுதன் வாயைத் திறந்தார், நிருபரைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

சத்தம் கேட்டு ஐயாத்துரை அறையைவிட்டு வெளியே வந்தார். பார்க்கிற பக்கமெல்லாம் அவர் முகமே சிரித்துக்கொண்டிருந்தது. பேட்டரி போட்ட கடிகாரங்கள் ஓடின, போடாதவை நின்றன, மலிவுப் பேட்டரி போட்டவை தோன்றினபோது ஓடின. எல்லா மூக்கிலிருந்தும் முட்கள் ஒவ்வொரு திசையைக் காட்டின. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"இப்ப மணி என்னய்யா ஆகுது?" என்றார்.

ஹரிஹரசுதன் எதிரே இருந்ததைப் பார்த்து, நேர்மை தாண்டிக் கொஞ்ச நேரம் ஆச்சு சார் என்றார். பக்கத்திலிருந்ததைப் பார்த்து, இல்ல சார், நன்றிக்கு இன்னும் நேரம் இருக்கு என்றார். அதற்குப் பக்கத்திலிருந்தது உழைப்பிலேயே நின்றிருந்தது.

சென்னய்யா வரிசையில் கடைசி ஆள். 'சென்னை ஐயா' என்று எழுதியிருந்த தன் பெட்டியை, காலியாக இருந்த கொஞ்ச இடத்தில், வைக்கோல் சிந்தாமல் இறக்கி வைத்தார். கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமைங்கய்யா" என்றார். "நான் வாரேன்."

கீழே வேன் கிளம்பப் போகிற சத்தம் கேட்டது. அவர் படியிறங்கிப் போனார்.